காற்று போகாத எஞ்சின்

அமெரிக்கப் புறநகர் வீடுகளில் வசந்தம் பிறந்ததிலிருந்து இலையுதிர்காலம் வரை வாரந்தோறும் புல் வெட்டியாக வேண்டும். அதற்கென்று கொட்டகையில் நிற்கும் புல்வெட்டிகளில் 20, 30 ஆண்டு பழையவையும் உண்டு. அவற்றில் ஒன்று ஜூலை வெயிலில் அரைமணி நேரம் ஒழுங்காக ஓடுகிறது. பிறகு இழுவை குறைகிறது, இருமுகிறது, நின்றுவிடுகிறது. ஆறிய பின் எதுவுமே நடக்காததுபோல் மறுபடி கிளம்புகிறது. உரிமையாளர் சொல்லும் தீர்ப்பு பெரும்பாலும் ஒன்றுதான்: வண்டிக்கு வயசாகிவிட்டது. இந்தத் தீர்ப்பு அவசரமானது. காற்றால் குளிரும் பழைய எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறினால், முதலில் சந்தேகிக்க வேண்டியது அதன் வயதை அல்ல. காற்று போகும் வழியை. அந்த வழியைத் திறந்து பார்க்காமல் வாங்கிப் போடும் உதிரிபாகங்களில் பாதி வீண் செலவு.

காரணம் இயற்பியலில் இருக்கிறது. சிறிய எஞ்சினில் பெட்ரோல் தரும் ஆற்றலில் ஏறக்குறைய கால் பங்குதான் வேலையாக மாறுகிறது, மிச்சமெல்லாம் வெப்பம். சிலிண்டருக்குள் எரியும் வாயு 2,000 பாகை செல்சியஸைத் தாண்டும். அதைச் சுற்றியிருக்கும் அலுமினியமோ 660 பாகையில் உருகிவிடும். 200 பாகைக்கு மேலேயே வலுவிழக்கத் தொடங்கிவிடும். சுவர் தாக்குப்பிடிப்பது, வந்த வெப்பம் வந்த வேகத்திலேயே வெளியேறுவதால்தான். காரில் இந்த வேலையைத் தண்ணீர் செய்கிறது. ஒரே கொள்ளளவை வைத்துப் பார்த்தால் தண்ணீர் சுமக்கும் வெப்பத்தில் சுமார் 3,500இல் ஒரு பங்கைத்தான் காற்று சுமக்கும். இந்தக் குறையை ஈடுகட்ட இரண்டு ஏற்பாடுகள் உண்டு. சிலிண்டரைச் சுற்றி வரிவரியாக நிற்கும் ஃபின்கள் பரப்பைப் பெருக்குகின்றன. ஃப்ளைவீலிலேயே வார்க்கப்பட்ட விசிறி, காற்றை வேகமாகத் தள்ளுகிறது. புல்லட் போன்ற மோட்டார் சைக்கிளுக்கு எதிர்க்காற்றே போதும். நடை வேகத்தில் நகரும் புல்வெட்டிக்கு அது கிடைக்காது. பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டரின் எஞ்சின்மேல் ஒரு தகர மூடியும் உள்ளே விசிறியும் இருந்ததற்குக் காரணமும் இதுவே. மில்வாக்கி நகரில் 1908இல் தொடங்கிய பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் நிறுவனம் 1953இல் அலுமினிய எஞ்சினைக் கொண்டுவந்து புல்வெட்டியின் எடையைக் குறைத்தது. ரேடியேட்டர், தண்ணீர் பம்ப், ரப்பர் குழாய் எதுவும் இல்லாத இந்த எளிமைதான் அந்த எஞ்சின்களைப் பல்லாண்டு வாழவைத்தது. காற்று ஒன்றை நம்பியே எல்லாம் நிற்பதுதான் அதன் பலவீனமும்.

புல்வெட்டி வேலை செய்யும் இடமோ காற்றில் தூசியும் புல் துணுக்கும் பறக்கும் இடம். மேலே இருக்கும் வலை பெரிய குப்பையைத் தடுக்கும். பொடி உள்ளே போகும். தேய்ந்த ஆயில் சீல் கசிந்தால் ஃபின்கள் பிசுபிசுக்கும். உள்ளே போன பொடி அதில் ஒட்டி, காய்ந்து, கம்பளிபோல் படிந்துவிடும். குளிர்காலத்தில் ஓடாமல் கிடக்கும் எஞ்சினின் மூடிக்குள் எலி கூடு கட்டுவதும் அங்கே சாதாரணம். இவற்றில் எதுவும் வெளியிலிருந்து தெரியாது. மேல்மூடி பளபளவென்று இருக்கும். அதைக் கழற்றினால்தான் ஃபின்களின் இடுக்குகள் தூர்ந்திருப்பது தெரியும். அடைப்பு எல்லாப் பக்கமும் சமமாக இருக்காது என்பது இன்னொரு கேடு. சிலிண்டரின் ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் காய்ந்தால் வட்டம் கோணும். ரிங் சரியாக உட்காராது, ஆயில் எரியும். ஹெட் கேஸ்கெட் ஊதிப்போகும். மேல்வால்வு எஞ்சின்களில் வால்வு கைடு இடம் நகர்ந்து, புஷ்ராடு வளைந்துபோவதும் உண்டு. ஆக, வயதின் அடையாளமாக எடுத்துக்கொள்ளும் நீலப் புகையும் இழுவைக் குறைவும் பல வேளைகளில் சூட்டின் விளைவுகள்.

பல பழைய பிரிக்ஸ் எஞ்சின்களில் இன்னொரு விசித்திரமும் உண்டு. அவற்றில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் ஒரு சிறு தகடு. அது விசிறிக் காற்றின் வழியிலேயே நிற்கும். எஞ்சின் வேகமெடுத்தால் காற்று தகட்டைத் தள்ளும், தகடு த்ராட்டிலை மூடும். மேல்வலை அடைபட்டுக் காற்று குறைந்தால், எஞ்சின் மெதுவாக ஓடுவதாகக் கணக்குப் போட்டு, தகடு த்ராட்டிலை இன்னும் திறந்துவிடும். குளிர்ச்சி குறையும் அதே நேரத்தில் எஞ்சின் கூடுதல் வேகத்தில் ஓடத் தொடங்கும். அடைப்பு ஒன்றுதான், அடி இரண்டு.

சூடு வேறு நோய்களின் வேடத்திலும் வரும். ஃப்ளைவீலின் ஓரத்தில் இருக்கும் இக்னிஷன் காயிலும் அதே காற்றில்தான் குளிர்கிறது. சூடேறினால் அதன் சுருளில் இணைப்பு விட்டு, பொறி நின்றுபோகலாம். கார்புரேட்டரில் பெட்ரோல் ஆவியாகிக் குமிழிட்டாலும் எஞ்சின் நிற்கும். காயில் மாற்றி, கார்புரேட்டர் மாற்றி, அப்போதும் கோளாறு தீராமல் வண்டியைப் பழைய இரும்புக்குப் போடுபவர்கள், வேடத்தைப் பார்த்து ஆளைத் தவறவிட்டவர்கள். கழற்றிய ஸ்பார்க் பிளக்கின் நுனி வெளுத்துக் கொப்பளித்திருந்தால் சூடு மீறியிருக்கிறது என்று பொருள். அகச்சிவப்பு வெப்பமானி வைத்து, துப்புரவு செய்வதற்கு முன்னும் பின்னும் ஹெட்டின் ஒரே புள்ளியை அளப்பது இன்னும் உறுதியான சாட்சி. பளபளக்கும் அலுமினியத்தில் அந்தக் கருவி குறைத்துக் காட்டும் என்பதால், புள்ளியளவு கறுப்புப் பெயிண்ட் வைத்து அளக்க வேண்டும்.

இதற்கு ஒரு குறுக்குவழி சொல்வார்கள்: மூடியைக் கழற்றி எறிந்துவிட்டால் காற்று தாராளமாகப் படுமே என்று. கேட்க நியாயமாகத் தோன்றும், நடப்பது நேர்மாறு. விசிறி தள்ளும் காற்றைச் சிதறவிடாமல் ஃபின்களுக்கு இடையே புகுத்துவதே மூடியின் வேலை. அது இல்லாவிட்டால் காற்று சுலபமான வழியைத் தேடிப் பக்கவாட்டில் போய்விடும். சிலிண்டரின் பின்பக்கம் காயும். மூடிக்குள் இருக்கும் சிறு தடுப்புத் தகடுகளும் அதே காரணத்துக்காக வைத்தவைதான். ரிப்பேர் முடிந்தபின் மேசையில் மிஞ்சிய தகட்டை வேண்டாததென்று ஒதுக்கினால், அடுத்த கோளாறுக்கு அப்போதே விதை போட்டாயிற்று.

கெட்டியான ஆயில் ஊற்றலாம், மெதுவாக ஓட்டலாம் என்ற யோசனைகளில் கொஞ்சம் உண்மை உண்டு. கையால் தள்ளும் புல்வெட்டியில் இருப்பது சுமார் 0.6 லிட்டர் ஆயில். பலவற்றில் பம்ப்கூடக் கிடையாது, சுழலும் துடுப்பு வாரியிறைப்பதோடு சரி. அந்தச் சிறிதளவு ஆயில் வெப்பத்தையும் சுமப்பதால் அளவும் தரமும் முக்கியம். வெயில் காலத்துக்குத் தயாரிப்பாளர் சொல்லும் எஸ்ஏஇ 30 ஆயிலை, 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை, கடும் வேலையென்றால் அதற்கும் முன்பே மாற்றுவது நல்லது. ஆனால் ஆயில் சுமந்து வரும் வெப்பமும் கடைசியில் வெளிக்காற்றுக்குத்தான் போயாக வேண்டும். மெதுவாக ஓட்டுவது இன்னும் சிக்கலானது. விசிறி எஞ்சினோடு சேர்ந்தே சுழல்வதால், வேகத்தைக் குறைத்தால் காற்றும் குறையும். அடர்ந்த புல்லில் அரை த்ராட்டிலில் திணறவிடுவதைவிட, முழு வேகத்தில் வைத்து நடையை மெதுவாக்குவதும், வெட்டும் உயரத்தைக் கூட்டுவதும் எஞ்சினுக்குச் சுகம். நிறுத்தும் முன் பளு இல்லாமல் ஓரிரு நிமிடம் ஓடவிட்டால், விசிறி நின்றபின் உள்ளே தேங்கும் சூடும் குறையும்.

எல்லாப் பழியையும் காற்றின்மேல் போட முடியாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பழைய பெட்ரோலின் பிசின் கார்புரேட்டர் ஜெட்டைக் குறுக்கினால் கலவையில் பெட்ரோல் குறையும். அப்படி ஓடும் எஞ்சின் சூடாக ஓடும். அமெரிக்காவில் பரவலாக விற்கும் 10 சதவீத எத்தனால் பெட்ரோலும் கலவையைச் சற்றே அந்தப் பக்கம் தள்ளும். ஹெட்டில் படியும் கரியும் வெப்பத்தைத் தேக்கும். இவற்றையும் பார்க்கத்தான் வேண்டும், ஆனால் இரண்டாவதாக. காற்றுவழி அடைபட்டிருக்கையில் இவற்றைச் சரிசெய்தால் பலன் தெரியாது. அதைத் திறந்தபின்தான் மிச்சமுள்ள குறை தன் உருவில் தெரியும்.

வலுவான எதிர்வாதம் வேறொன்று: இவ்வளவு பாடு எதற்கு, பேட்டரி புல்வெட்டி வாங்கினால் போகிறது. கலிபோர்னியா 2021இல் சட்டம் இயற்றி, 2024 மாடல் முதல் புதிய புல்வெட்டி எஞ்சின்கள் புகையே விடக் கூடாதென்று விதித்துவிட்டது. ஏற்கெனவே உள்ளவற்றை ஓட்டத் தடையில்லை. புதிதாக வாங்குபவருக்கு, சிறிய புல்தரையென்றால், பேட்டரியே நல்ல தேர்வு. ஆனால் கையிலிருக்கும் எஞ்சினை வைத்துக்கொள்வதா என்பது தனிக் கேள்வி. ஒரு தூரிகை, பிளாஸ்டிக் சுரண்டி, ஒரு மணி நேர உழைப்பு ஆகியவற்றோடு முடியும் கோளாறுக்காகப் உட்கார்ந்து ஓட்டும் பெரிய புல்வெட்டியைக் கைவிடுவது சிக்கனமும் அல்ல, சுற்றுச்சூழல் அக்கறையும் அல்ல.

ஆகவே வரிசை முக்கியம். பிளக் வயரைக் கழற்றி ஒதுக்கிய பின்பே எதையும் தொட வேண்டும். மூடியைத் திறந்து ஃபின்களை உலர்வாகவே சுத்தம் செய்ய வேண்டும்; தண்ணீர் பீய்ச்சினால் குப்பை சேறாகி இன்னும் இறுகும். கசியும் சீலை மாற்றி, எல்லாத் தகடுகளையும் பழைய இடத்தில் பொருத்தி, பிறகு ஓட்டிப் பார்த்து அளக்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை, பருவம் தொடங்கும் முன் இதைச் செய்தால் போதும். அப்போதும் சூடு தணியாமல், கார்புரேட்டரும் சரியாக இருந்து, கம்ப்ரஷன் சோதனையில் ரிங் வழியாகக் காற்று ஒழுகினால், அந்த எஞ்சினுக்கு உண்மையிலேயே வயதாகிவிட்டது, கைகழுவலாம். அந்தச் சோதனைகளுக்கு முன்பே அதைக் கிழடென்று சொல்ல நமக்கு ஆதாரம் இல்லை.