கடைசிப் பெஞ்சு பேசட்டும்!

"ஐயம் உண்டா?" என்று கேட்கிறார் பேராசிரியர்.

அறுபது பேர் அமர்ந்திருக்கும் வகுப்பு. அமைதி! முன் வரிசையிலே இரண்டு கைகள் உயர்கின்றன. நேற்றும் உயர்ந்த கைகள், நாளையும் உயரப்போகிற கைகள். கடைசிப் பெஞ்சிலே ஒரு தம்பி. உள்ளத்திலே ஐயம் இருக்கிறது. உதட்டிலே பூட்டு இருக்கிறது. பன்னிரண்டு ஆண்டு தமிழிலே படித்து வந்தவன். ஆங்கிலத்திலே கேட்க வேண்டுமே, பிழைபட்டால் பக்கத்திலிருப்பவன் சிரிப்பானே என்ற அச்சம். மணி அடிக்கிறது. "ஐயம் ஏதும் இல்லை" என்று முடிவு கட்டிக்கொண்டு பேராசிரியர் வெளியேறுகிறார்.

ஐயம் இல்லையா? இருந்தது! கேட்கும் வழிதான் இல்லை!

அந்தத் தம்பியை மனத்திலே வைத்துத்தான் இன்று இதை எழுதுகிறோம். அவனுக்கு ஒரு வழி கிடைத்திருக்கிறது என்கிறார்கள். 'ஸ்லாக்' என்றும் 'டீம்ஸ்' என்றும் பெயர் கூறுகிறார்கள். அலுவலகங்களில் ஒரு குழுவினர் தமக்குள் செய்தி பரிமாறிக்கொள்ள எழுந்த மேடை அது; இன்று கல்லூரிப் பாடத்துக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. பாடத்துக்கு ஒரு மன்றம். மன்றத்துக்குள்ளே 'சேனல்' எனப்படும் பல அறைகள். அறிவிப்புக்கு ஓர் அறை, அசைன்மென்டுக்கு ஓர் அறை, ஐயத்துக்கு ஓர் அறை. எழுதியது அழியாமல் நிற்கும், தேடினால் கிடைக்கும்.

இதன் பிறப்பே ஒரு வேடிக்கை. ஸ்டூவர்ட் பட்டர்ஃபீல்ட் என்பவரும் அவர் கூட்டாளிகளும் 'கிளிட்ச்' என்றொரு கணினி விளையாட்டைச் செய்தனர். எடுபடவில்லை. 2012இல் மூடிவிட்டனர். விளையாட்டு விழுந்தது, ஆனால் அதைச் செய்யும்போது தமக்குள் பேசிக்கொள்ள வைத்திருந்த கருவி எழுந்தது! 2013இல் அதை வெளியே காட்டினர். 2014இல் எல்லோருக்கும் திறந்துவிட்டனர். 2021இல் சேல்ஸ்ஃபோர்ஸ் நிறுவனம் ஏறத்தாழ 2,770 கோடி டாலர் கொடுத்து அதை வாங்கிக்கொண்டது.

இந்தப் பிள்ளைக்கு ஒரு பாட்டனும் உண்டு. 1988இல், ஃபின்லாந்து நாட்டு ஔலு பல்கலைக் கழகத்திலே, யார்க்கோ ஓய்கரினன் என்பவர் ஐ.ஆர்.சி. என்ற உரையாடல் முறையை அமைத்தார். சேனல் என்ற பெயரும், அதன் நெற்றியிலே இடப்படும் # என்ற குறியும் அங்கிருந்து வந்தவை. அதற்கும் முன்னே, 1973இல், அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக் கழகத்துப் 'பிளேட்டோ' கணினியிலே பலர் ஒரே திரையில் எழுத்தாலே உரையாடினர். பல்கலைக் கழகத்திலே பிறந்தது, சந்தைக்குப் போயிற்று, இன்று கழுத்திலே விலைச் சீட்டைக் கட்டிக்கொண்டு மீண்டும் பல்கலைக் கழக வாசலிலே நிற்கிறது. பிறந்த வீட்டுக்கு வந்த பிள்ளை வாடகை கேட்பது போல!

வரட்டும், வரவேற்கிறோம். ஏன் வரவேற்கிறோம் என்பதையும் கூறிவிடுகிறோம்.

நாம் அறிந்த ஒரு கல்லூரி, பெயர் வேண்டாம். அங்கே கணினிப் பாடம் நடத்தும் ஆசிரியர் ஒருவர் இத்தகைய மன்றம் ஒன்றை அமைத்தார். "தமிழிலும் கேட்கலாம்" என்று முதல் நாளே எழுதிவைத்தார். இரண்டு வாரம் அமைதி. மூன்றாவது வாரம் ஓர் இரவு, கடைசிப் பெஞ்சுத் தம்பி எழுதினான்: "ஐயா, தன்னைத் தானே அழைத்துக்கொள்ளும் ஃபங்ஷன் எங்கே போய் நிற்கும்?"

ஒரே வரி. மறுநாள் காலைக்குள் நாற்பது பேர் அதன் கீழே கட்டைவிரல் குறி இட்டிருந்தனர். நாற்பது பேருக்கும் அதே ஐயம்! நாற்பது பேரும் வகுப்பிலே ஊமையாக இருந்தவர்கள்! விடை தந்தவர் ஆசிரியர் அல்லர். உடன் படிக்கும் தங்கை ஒருத்தி. "ரேஷன் கடை வரிசையை நினைத்துக்கொள். நீ எத்தனையாவது ஆள் என்று முன்னால் நிற்பவரைக் கேட்கிறாய். அவர் தமக்கு முன்னால் நிற்பவரைக் கேட்கிறார். முதலிலே நிற்பவர் 'நான் ஒன்று' என்றதும் கேள்வி நிற்கிறது. விடை ஒவ்வொன்றாகக் கூடிக்கொண்டே உன்னிடம் திரும்பி வருகிறது. அந்த முதல் ஆள் இல்லாவிட்டால் கேள்வி போய்க்கொண்டே இருக்கும், நினைவகம் நிரம்பி நிரல் விழும்" என்று எழுதினாள்.

ஆங்கிலப் புத்தகத்திலே பத்துப் பக்கம் படித்தும் புரியாதது, ரேஷன் கடை வரிசையிலே புரிந்தது!

"இதற்கு வாட்ஸ்அப் போதாதா?" என்று கேட்பர். 2020இல் தொற்றுக் காலத்திலே கல்லூரிகள் மூடப்பட்டபோது அதைத்தான் பிடித்துக்கொண்டோம், பார்த்தோமே! காலை வணக்கமும் பிறந்தநாள் வாழ்த்தும் வெள்ளமாய் வர, பாடக் குறிப்பு அதிலே மூழ்கிற்று. அதைவிடக் கொடுமை, குழுவிலே சேர்ந்த மாணவியின் கைப்பேசி எண் எல்லோர் கைக்கும் போயிற்று. பாடம் கேட்க வந்தவள் தன் எண்ணை ஏன் பலியிட வேண்டும்? ஸ்லாக் போன்ற மேடையிலே மின்னஞ்சல் முகவரியோடு சேரலாம். எண்ணைக் காட்ட வேண்டியதில்லை. இது சிறு வசதி அல்ல. பெண் கல்விக்குப் பாதுகாப்பு.

பாராட்டிவிட்டோம், இனிக் கணக்குப் பார்ப்போம்.

ஸ்லாக் மேடையை இலவசமாகவும் தருகிறார்கள். 2022 செப்டம்பர் முதல் அந்த இலவசத் திட்டத்திலே கடைசி 90 நாள் செய்திதான் கண்ணுக்குத் தெரியும். ஒரு பருவம் பதினைந்து வாரம் என்று வைத்துக்கொள்வோம், 105 நாள். 105இலே 90 போனால் 15. தேர்வுக்கு முந்திய நாள் தம்பி திரும்பிப் பார்க்கிறான். முதல் பதினைந்து நாள் பேச்சைக் காணோம்! வீடு இருக்கிறது, அடித்தளம் மறைந்துவிட்டது! 2024 ஆகஸ்டு முதல், ஓராண்டைத் தாண்டியவற்றை அழிக்கவும் தொடங்கினர். அண்ணன் கேட்ட கேள்வி அடுத்த ஆண்டு தம்பிக்குப் பயன்படாது. பணம் கட்டினால் எல்லாம் தெரியும். கல்விக்கூடங்களுக்குத் தள்ளுபடியும் உண்டு. எனினும் தலைக்கு இவ்வளவு, மாதத்துக்கு இவ்வளவு என்று போகிற கணக்கு. நகரத்துச் செல்வக் கல்லூரி கட்டும், கிராமத்து அரசுக் கல்லூரி என்ன செய்யும்?

அடுத்தது, ரகசியம். 'தனிமடல்' என்று பெயர் இருப்பதாலேயே அது தனிமை ஆகிவிடாது. சில திட்டங்களிலே, சட்டம் இடம் கொடுக்கும்போது, நிர்வாகம் விண்ணப்பித்துத் தனிமடல்களையும் பெற இயலும். இதை மாணவருக்கு முதல் நாளே கூறவேண்டும். கூறாமல் பேசவிடுவது, சுவருக்குக் காது வைத்துவிட்டு "மனம் விட்டுப் பேசு" என்பதற்கு ஒப்பாகும்.

மூன்றாவது, ஆசிரியர். இரவு பதினொரு மணிக்கு ஐயம் வரும், வரட்டும். விடையும் இரவு பதினொரு மணிக்கே வரவேண்டுமா? தொகுப்பூதியத்திலே காலம் தள்ளும் கௌரவ விரிவுரையாளர் நம் அரசுக் கல்லூரிகளிலே எத்தனை பேர்! பகலெல்லாம் வகுப்பு, இரவெல்லாம் மன்றம், ஊதியம் மட்டும் அதே ஊதியம் என்றால் அது கல்விப் புரட்சி அல்ல, உழைப்புச் சுரண்டல்!

அப்படியானால் மேடையே வேண்டாம் என்கிறோமா? இல்லை. மேடை வேண்டும், மேடை நம்முடையதாக இருக்கவேண்டும் என்கிறோம். 'ஸுலிப்', 'மேட்டர்மோஸ்ட்' என்று திறந்த மூல மென்பொருள்கள் இருக்கின்றன. பல்கலைக் கழகம் தன் சொந்தக் கணினியிலே நிறுவி நடத்தலாம். ஸுலிப்பிலே ஒவ்வொரு கேள்வியும் தனித் தலைப்பின் கீழே நிற்கும், கலந்து குழம்பாது. நடத்த ஆள் வேண்டும், பராமரிக்கப் பணம் வேண்டும், உண்மைதான். ஆனால் கல்லூரிக்குக் கல்லூரி தனித்தனியே ஏன்? ஒரு பல்கலைக் கழகம் நடத்தினால் அதன்கீழ் உள்ள கல்லூரிகள் அனைத்தும் அமரலாமே! அதுவரை இலவச மேடையிலே அமர்ந்திருப்போர், தொண்ணூறு நாள் முடியுமுன்னே நல்ல கேள்விகளையும் விடைகளையும் தொகுத்துப் பாடக் குறிப்பாக்கி வைத்துக்கொள்வது அறிவுடைமை.

நாம் கேட்பது நான்கு. தமிழிலே கேட்கும் உரிமை வேண்டும். மாணவியிடம் கைப்பேசி எண் கேட்கலாகாது. ஆசிரியர் விடை தரும் நேரம் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டு, அது பணி நேரமாகக் கணக்கிடப்பட வேண்டும். எத்தனை முறை எழுதினான் என்று எண்ணி மதிப்பெண் போடலாகாது. ஏனெனில், வீட்டிலே ஒரே கைப்பேசியைத் தந்தையோடும் தமக்கையோடும் பகிர்ந்துகொள்கிறவனும் அந்த வகுப்பிலே இருக்கிறான்.

இந்த நான்கும் இல்லையேல், புதிய மேடையிலும் பழைய முன்வரிசையே பேசும். பழைய கடைசிப் பெஞ்சே வாய்மூடி இருக்கும். பெஞ்சு மாறியிருக்கும், நிலை மாறியிராது.

"ஐயம் உண்டா?" என்று நாளையும் பேராசிரியர் கேட்பார். அன்று இரவு கடைசிப் பெஞ்சுத் தம்பி அஞ்சாமல் எழுதட்டும். அவன் எழுதியது அடுத்த ஆண்டும் அங்கே இருக்கட்டும்!