போத்தலோடு ஒரு போஜனம்

மதுவுக்குத் தீர்வை மிகுந்த மலேசியாவில், உணவகத்தின் லாபமும் சேர்ந்து கணக்குச்சீட்டில் ஏறுவதைத் தவிர்க்கவே, கிள்ளான் பள்ளத்தாக்கின் சீனக் கடலுணவு உணவகங்கள் பலவற்றுக்கு, லங்காவியின் தீர்வையற்ற கடைகளிலோ வேறிடத்திலோ வாங்கிய மதுவை வாடிக்கையாளர்கள் தாமே கொண்டுசெல்லும் வழக்கம் நிலவுகிறது. ரவாங்கிலிருந்து கிள்ளான் துறைமுகம்வரை வந்து, இஞ்சி தூவி ஆவியில் வெந்த மீனை எதிர்நோக்கி அமர்ந்தவரின் போத்தலைப் பணியாளர் வாங்கி, தக்கையைத் திருகியெடுத்து, பனிக்கட்டி வாளியில் நிறுத்தி, கண்ணாடிக் கிண்ணங்களைப் பரப்பிவிட்டுப் போகிறார். அந்தச் சேவைக்கே தக்கைக் கட்டணம். சில இடங்களில் அது இனாம். ஆகையால் முன்கூட்டியே விசாரிப்பது உத்தமம். ஹலால் சான்றிதழ் பெற்ற உணவகத்திலோ போத்தலுக்குப் பிரவேசமே இல்லை. அயலாரின் சமய ஆசாரத்தை மதிப்பதே, என் அபிப்பிராயத்தில், விருந்தின் முதல் மரியாதை. 2017 டிசம்பர் முதல் 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்பது சட்டவிரோதம். வண்டியோட்டுகிறவருக்கு இளநீர் வரவழைக்கும் குடும்பங்களை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.