ரோஜாவும் புகையும்: குளிர்காலத்து அத்தர் பற்றி

எனது முதல் நியமனம் நுவரெலியாப் பக்கத்துப் பாடசாலை ஒன்றுக்கு. கரையோர ஊரில் பிறந்து வளர்ந்தவனுக்கு ஜனவரி மாதத்து நுவரெலியா இலேசான விசயமல்ல. என்னைப் பார்க்க வந்த வாப்பா, ஹஜ்ஜுக்குப் போயிருந்தபோது வாங்கிய ரோஜா அத்தர் போத்தலை எனக்கென்று எடுத்து வந்திருந்தார். சுண்டுவிரல் அளவுப் போத்தல். இரவு மேசையில் வைத்ததைக் காலையில் எடுத்துப் பார்த்தால், எண்ணெய் அசையவில்லை. மெழுகு மாதிரி கட்டிப்போயிருந்தது.

"வாப்பா, உங்கள நல்லா ஏமாத்திட்டாங்க. இதில மெழுகக் கலந்திருக்கான்."

வாப்பா போத்தலை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "தாயிஃப் சாமான் என்றுதானே மகன் சொன்னான்" என்றார். அதற்குப் பிறகு அதை அவர் பூசவுமில்லை, யாருக்கும் கொடுக்கவுமில்லை. ஊருக்குக் கொண்டுபோய் அலுமாரியில் உடுப்புகளுக்கு நடுவில் வைத்துவிட்டார்.

நான் தமிழ் படித்தவன், இரசாயனம் அறியாதவன். சொன்னது பிழை என்று விளங்கப் பல வருடங்கள் சென்றன. அதற்குள் வாப்பா மௌத்தாகிவிட்டார்.

தாயிஃப் நகரை நாம் நபிகளாரின் வாழ்வில் வரும் ஒரு கசப்பான பயணத்தோடு சேர்த்துத்தான் அறிந்திருக்கிறோம். அது மலையூர் என்பது பலருக்கு நினைவிருப்பதில்லை. கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேலே, கிட்டத்தட்ட நம் நுவரெலியாவின் உயரத்தில் இருக்கிறது. மார்ச், ஏப்ரல் மாதங்களில் அங்கே டமஸ்க் ரோஜா பூக்கும். வெயில் ஏறினால் பூவின் எண்ணெய் காற்றோடு போய்விடும் என்பதால் விடியப்புறத்திலேயே பறித்து, அன்றன்றே வாலையில் இட்டு வடிக்கிறார்கள். இந்த ரோஜாத் தொழிலையும் அதைச் சூழ்ந்த வழக்கங்களையும் யுனெஸ்கோ 2024இல் தன் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. பல்கேரியாவின் கசன்லிக், துருக்கியின் இஸ்பார்த்தா, ஈரானின் காஷான் பகுதிகளிலும் இதே இனப் பூதான். எந்த ஊரானாலும் ஒரு கிலோ எண்ணெய்க்கு 3,000 கிலோவுக்கும் மேலே பூ வேண்டும். அதனால்தான் அதைத் தோலாக் கணக்கில் விற்கிறார்கள். ஒரு தோலா 11.66 கிராம்.

இனி அந்த மெழுகுக்கு வருவோம். ரோஜா இதழின் மேல் மெல்லிய மெழுகுப் பூச்சு ஒன்று இயற்கையிலேயே உண்டு. நீராவியில் வடிக்கும்போது வாசமில்லாத அந்த மெழுகிலும் கொஞ்சம் எண்ணெயோடு சேர்ந்து வந்துவிடும். வெப்பம் 20 பாகை செல்சியஸை அண்டிக் குறையும்போது அது இறகு போன்ற படிகங்களாகப் பிரிந்து மேலே மிதக்கும். இன்னும் குளிர்ந்தால் முழு எண்ணெயும் கட்டிவிடும். அதாவது, கட்டுவது ரோஜா எண்ணெயின் குணம். எந்தக் குளிரிலும் தண்ணீர் மாதிரி ஓடிக்கொண்டிருக்கும் 'ரோஜா அத்தர்' மீதுதான் சந்தேகம் வரவேண்டும். கட்டினால் உடனே அசல் என்று தீர்ப்புச் சொல்லவும் முடியாது. அந்தக் காலத்துக் கலப்படக்காரர்கள் திமிங்கிலத்தின் தலையிலிருந்து எடுத்த மெழுகைக் கலந்து எண்ணெயை உறைய வைத்திருக்கிறார்கள்! ஆனாலும் நான் வாப்பாவிடம் சொன்ன காரணம் தலைகீழ்க் காரணம் என்பதில் மாற்றமில்லை.

குளிருக்கும் வாசத்துக்கும் உள்ள உறவை விளங்கிக்கொள்ள நான் போய் நின்ற இடம் நெடுநல்வாடை. பத்துப்பாட்டில் ஒன்று, நக்கீரர் பாடியது. பட்டப்படிப்பில் அதைப் பரீட்சைக்காகப் படித்தேன், வாசத்துக்காகப் படிக்கவில்லை. வாடைக்காற்று வீசும் கூதிர் காலத்தில் நகரத்து வீடுகளில் என்ன நடக்கிறது என்று அதில் ஒரு பகுதி. சந்தனம் அரைக்கும் கல் சும்மா கிடக்கிறது. பெண்கள் மாலை மாலையாய்ச் சூடாமல் ஏதோ கொஞ்சம் பூவோடு நிறுத்திக்கொண்டு, நெருப்பமைத்து அகிலைப் புகைக்கிறார்கள். அகிலோடு வெள்ளை அயிரையும் சேர்க்கிறார்கள். அயிர் என்பதற்கு நச்சினார்க்கினியர் கொள்ளும் பொருள் கண்டசருக்கரை. இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவிட்டேன். வளைகுடாவில் இன்றைக்கும் பக்கூர் செய்கிறவர்கள் அகில் தூளைச் சீனிப்பாகில் பிசைந்துதானே உருட்டுகிறார்கள்!

வெயிலுக்குச் சந்தனம், குளிருக்குப் புகை. இதன் காரணம் எளிது. வாசம் என்பது ஆவியாகி மூக்குக்கு வரும் துகள். எலுமிச்சை, மல்லிகை போன்ற மெல்லிய வாசங்கள் குளிரில் சோம்பிப்போய் எழும்புவதில்லை. கொஞ்சம் எழும்பினாலும் சீக்கிரம் தீர்ந்துவிடும். பிசினும் கட்டையும் தரும் கனமான வாசம் மெதுவாகவே பிரியும். தடித்த உடுப்பில் ஒட்டி, உடம்புச் சூட்டில் கொஞ்சங் கொஞ்சமாய் அவிழும். அதே வாசத்தைச் சித்திரை வெயிலில், நெரிசலான பஸ்ஸில் பூசிப் போனால் பக்கத்தில் நிற்பவருக்குத் தலையிடி. ஜும்ஆவுக்கு வரும் சில சகோதரர்கள் இதைக் கவனித்தால் நல்லது.

புகை என்று பொதுவாகச் சொன்னாலும் மூன்று சாமான் உண்டு. ஊத் எனப்படும் அகில், மரம் நோயுற்று அதற்கு மருந்தாகச் சுரக்கும் பிசின் ஊறிய கட்டை. லுபான், ஓமானின் ளுஃபார் மலைகளிலும் சோமாலியாவிலும் மரத்தைக் கீறி எடுப்பது. சூடுபட்டவுடன் எலுமிச்சைத் தோல் மாதிரி ஒரு புளிப்பு வாசம் வரும். நம் வீட்டுச் சாம்பிராணி வேறு. அது சுமாத்திரா மரத்துப் பிசின். வனிலா போல இனிப்பு வாசம். அரபியில் இதற்கு 'லுபான் ஜாவி' என்று பெயர். 14ஆம் நூற்றாண்டில் அங்கு போன இப்னு பதூதா, சுமாத்திராவையே ஜாவா என்று குறித்து, லுபானுக்கு அந்தப் பெயர் வந்த காரணத்தையும் எழுதியிருக்கிறார். ஐரோப்பியர் வாயில் முன்னிருந்த 'லு' உதிர்ந்து, மீதி 'பென்சோயின்' ஆனது. இரசாயனப் பாடத்தில் வரும் பென்சீன் அதன் பேரப்பிள்ளை.

இந்தப் புகையோடு ரோஜா ஏன் பொருந்துகிறது? ரோஜா எண்ணெயில் டமஸ்கெனோன் என்றொரு பொருள் இருக்கிறது. அளவில் நூற்றில் ஒரு பங்கு கூட வராது. ஆனால் வாசத்தில் அதன் ஆட்சிதான். தனியாக முகர்ந்தால் பூ நினைவு வராது. வேகவைத்த பழம், தேன், புகையிலை என்று போகும். கறுப்புத் தேயிலையிலும் அதே பொருள் உண்டு. ஆகவே ரோஜாவுக்குள்ளேயே இருண்ட ஒரு பக்கம் இருக்கிறது. புகை அதைப் பிடித்துக்கொள்கிறது. ரோஜாவின் புளிப்பும் இனிப்பும் புகையின் காரலைத் தணிக்கின்றன. கஃபாவைப் பன்னீர் கலந்த ஸம்ஸம் நீரால் கழுவி ஊத் வாசமூட்டும் வழக்கத்திலும் இதே இணைதான். இன்று விசிறும் வாசனைத் திரவியங்களில் உண்மையான புகை இல்லை. கருகிய பேர்ச் மரத்தின் தார், கோரைக்கிழங்கு இனம் ஒன்றின் எண்ணெய் போன்றவற்றைக் கொண்டு புகை வாசத்தைக் கட்டுகிறார்கள்.

என் மனைவிக்கு இது பிடிக்காது. "மையித்து வீடு மாதிரி இருக்கு" என்பார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். பன்னீரும் சாம்பிராணியும் ஒன்றாய் மணப்பதை நம்மில் பலர் மூக்கில் பதித்துக்கொண்ட இடம் அதுதான். ஆனால் பன்னீரின் வாசம் வேறு, ரோஜா எண்ணெயின் வாசம் வேறு. பூவில் நிறைய இருக்கும் பினைல் எதைல் அற்ககோல் தண்ணீரில் கரையக்கூடியது. வடிக்கும்போது அதில் பெரும்பங்கு பன்னீரோடு போய்விடும். எண்ணெயில் எஞ்சுவது காரமும் தேனும் கலந்த மற்றப் பக்கம். சாம்பிராணியை விட்டு, ஊத்தும் லுபானும் வைத்துப் பாருங்கள். அந்த நினைவு வராது.

வளைகுடாக்காரர் முறை இது: முதலில் எண்ணெயை மணிக்கட்டிலும் காதுக்குப் பின்னாலும் ஒரு பொட்டு, பிறகு உடுப்பில் புகை. சிரட்டைக் கரி முழுதாய்க் கனன்று சாம்பல் பூத்த பிறகே கட்டையை வைக்கவேண்டும். சிவந்த தணலில் வைத்தால் ஊத் மணக்காது, கருகும். இழுப்பு நோய் உள்ள பிள்ளைகள் இருக்கும் அறையில் வேண்டவே வேண்டாம். ஊத் வாங்கும்போது எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். நம் நாட்டின் வல்லாப்பட்டை மரத்திலும் அகில் போன்ற பிசின் உண்டு என்று தெரிந்த நாளிலிருந்து காடுகளில் களவாக வெட்டுகிறார்கள். பிசின் ஊறாத மரம் வெறும் விறகு; வெட்டிய பிறகுதான் அது வெட்டியவனுக்கே தெரிகிறது.

போன டிசம்பர் விடுமுறையில் வாப்பாவின் போத்தலை எடுத்துக்கொண்டு நுவரெலியாவுக்குப் போனேன். பழைய நண்பர் ஒருவர் வீட்டில் தங்கல். இரவு யன்னலோரம் வைத்தேன். சுபஹுக்கு எழும்பிப் பார்க்க, கட்டியிருந்தது. மேலே அந்த இறகுப் படிகங்கள். உள்ளங்கைக்குள் வைத்து மூடிப் பிடித்தேன். இரண்டு மூன்று நிமிடத்தில் இளகி ஓடியது. மணிக்கட்டில் ஒரு பொட்டுப் பூசிக்கொண்டு தொழப் போனேன்.