தஞ்சைச் சுவடிகளின் வழிமரபு

ஒரு நூலுக்கு நான்கு சுவடிகள் கிடைத்து, அவை நான்கும் ஒரே பாடங் காட்டுமாயின், அதுவே மெய்ப்பாடமெனத் துணிதல் பதிப்பாசிரியர் இயல்பு. அவற்றுள் மூன்று மற்றொன்றைப் பார்த்தெழுதியனவாயின் சான்று ஒன்றேயாம். ஆதலின், சுவடி எவ்விடத்தது, யார் கைவழி வந்ததென்பது முன்னர் அறியற்பாலது. தஞ்சைச் சரசுவதி மகாலை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

அந்நூனிலையம் நாயக்க மன்னர் காலத்தே தோன்றி, மராட்டிய மன்னரால் வளர்க்கப்பட்டது. 1798 முதல் 1832 வரை அரசுகட்டிலிலிருந்த இரண்டாஞ் சரபோசி மன்னர் தமது காசி யாத்திரையிலும் வடமொழிச் சுவடிகள் பல தேடிக் கொணர்ந்தனர். அற்றேல், தேவநாகரியில் உள்ளனவெல்லாம் காசியினின்று வந்தனவோவெனின், அன்று. தஞ்சையில் வாழ்ந்த மராட்டியரும் அவ்வெழுத்திலே எழுதினராதலின், எழுத்தொன்றையே ஏதுவாகக் கோடல் போலி அனுமானமாம். அம்மன்னர் தொகுத்த ஐரோப்பிய அச்சுநூல்கள் பலவற்றிலோ அவர்தங் கையொப்பமே உளது. காண்டலளவை யிருக்கக் கருதலளவை வேண்டா.

1918-இல் அந்நிலையம் பொதுமக்கட்கு உரியதாயிற்று. அதன்பின், ஜம்புநாத பட்ட லாண்டகே, காகல்கர், பதங்க அவதூதர் என்போர் தொகுதிகள் போன்ற தனியார் கொடைகளும் வந்து சேர்ந்தன. இவற்றை அரண்மனைச் சுவடிகளோடு ஒன்றாக வைத்தெண்ணுதல் பொருந்தாது. அரசர்பொருட்டுப் படியெடுத்த சுவடி அழகிதாயிருத்தல் கூடும். வீட்டில் ஓதுதற்பொருட்டு எழுதியதிலோ ஓரக்குறிப்பும் திருத்தமும் மிகுதலுண்டு. பாடம் ஆராய்வார்க்கு இவ்வழுக்கேறிய ஏடே பலகாற் பெருந்துணையாவது.

தஞ்சையில் நீதிபதியாயிருந்த பர்னல் துரை அரண்மனை வடமொழிச் சுவடிகட்கு இயற்றிய அட்டவணை 1880-இல் இலண்டனில் வெளிவந்தது. அதில் எண்பெற்ற சுவடி அக்காலத்திற்கு முன்னரே ஆண்டிருந்ததென்பது ஒருதலை. பெறாதது பின்வந்ததென உடனே துணியற்க, விடுபட்டிருத்தலுங் கூடும். பின்னர் விளக்க அட்டவணை இயற்றிய பி. பி. எஸ். சாஸ்திரியார், பர்னல் எண்ணையும் உடன்குறித்துப் பேருதவி புரிந்தனர்.

இவ்வளவு வசதியிருந்தும், நம் பதிப்பாசிரியர் சிலர் முகவுரையில் ‘தஞ்சைப் பிரதி’ என்றெழுதி அமைகின்றனர். எந்தப் பிரதி? அரண்மனையதோ, கொடையாக வந்ததோ? அட்டவணை எண் யாது? கொடையாயின் யார் தொகுதி? இவை நான்கு சொல்லில் அடங்குவன. சுவடி தருவாரும், பெயரெழுதிய பழஞ்சட்டத்தையும் முதலேட்டையும் கழித்துவிடாது உடன் கொடுத்தல் வேண்டும்; புதுக்கட்டுக் கட்டுவோர் முதலில் எறிவன அவையே.