தாம்போதியில் நின்ற கார்: பழைய வாகனம் திடீரென இழுவை இழந்தால் எங்கே தேடுவது?

மன்னார் தீவிலிருந்து பெருநிலத்துக்குப் போகும் தாம்போதியில் அரைவாசித் தூரம் கடந்திருப்போம். கார் இரண்டு முறை உதறியது. அக்சிலேற்றரை அழுத்த அழுத்த வேகம் குறைந்தது. பிறகு நின்றே போனது. பின் சீற்றில் அம்மா இருந்தார். அன்று காலை தெல்லிப்பளை புற்றுநோய் வைத்தியசாலையில் அவருக்குச் சிகிச்சைத் தவணை.

பத்து நிமிடம் கழித்துத் திறப்பைத் திருப்பினேன். ஒன்றுமே நடக்காததுபோல இயந்திரம் இயங்கியது. ஆனால் அதை நம்பிப் பூநகரி வீதியில் இறங்க முடியாது. விடத்தல்தீவு, இலுப்பைக்கடவை, வெள்ளாங்குளம் என்று நீளும் அந்த வழியில், இடையிடையே மைல் கணக்கில் வீடோ கடையோ இல்லை. திரும்பி வந்து வாடகை வான் பிடித்தோம். தவணைக்கு ஒரு மாதிரிப் போய்ச் சேர்ந்தோம். அந்த வான் கூலியை ஒவ்வொரு தவணைக்கும் கொடுக்க எங்களால் முடியாது.

எங்களுடையது எண்பதுகளில் வந்த ரொயோட்டா டீ.எக்ஸ். வாகன். காபரேற்றர் இயந்திரம். முதலில் காட்டிய கராஜில் பிளக் மாற்றினார்கள். அடுத்த கிழமை கொயில் மாற்றினார்கள். இரண்டு தடவையும் காசு போனது. தோட்டவெளி கழிய மறுபடியும் கார் நின்றது.

“எப்பிடி நிண்டது?”

கடைசியில், போர்க்காலத்தில் வன்னியில் வேலை செய்த வயதான மெக்கானிக் ஒருவரிடம் போனேன். மாற்றிய சாமான்களின் பட்டியலைச் சொல்லத் தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“என்ன மாத்தினனீர் எண்டு நான் கேக்கேல்லை தம்பி. எப்பிடி நிண்டது எண்டு சொல்லும்.”

அந்தக் கேள்வியில்தான் முழு விசயமும் இருக்கிறது. பெற்றோல் இயந்திரத்துக்கு வேண்டியவை எரிபொருள், காற்று, நேரத்துக்கு விழும் தீப்பொறி, சிலிண்டரில் அழுத்தம். இவற்றில் எது குறைந்தாலும் இழுவை போகும். ஆனால் ஒவ்வொன்றும் குறையும் விதம் வேறு.

சுவிச்சை அணைத்ததுபோல ஒரே கணத்தில் நின்றால் முதலில் மின்சாரப் பக்கம் பார்க்க வேண்டும். கொயில், கண்டென்சர், கழன்ற வயர் இவற்றில் ஒன்றாக இருக்கலாம். உதறி, திணறி, மெல்ல மெல்ல இழுவை இழந்து நின்றால் பெரும்பாலும் எரிபொருள் போதவில்லை. கறுப்புப் புகையோடு திணறினால் பெற்றோல் கூடி, காற்றுக் குறைந்திருக்கிறது. எயார் பில்டரையும் சோக்கையும் பார்க்க வேண்டும். வெப்பமானி முள் ஏறியிருந்தால் உடனே நிறுத்த வேண்டும். சூடாக இருக்கும்போது ரேடியேற்றர் மூடியைத் திறக்கக் கூடாது.

ஆறியதும் திரும்ப இயங்குவது இன்னொரு தடயம். கொயில் பழுதானாலும் இப்படி நடக்கும். சூட்டில் பெற்றோல் குழாய்க்குள் ஆவியாகி அடைத்தாலும் நடக்கும். தாங்கிக்குள் இருக்கும் ஊத்தை உறிஞ்சு குழாயின் வாயில் போய் ஒட்டினாலும் நடக்கும். கார் நின்றதும் உறிஞ்சுதல் நிற்கிறது. ஊத்தை கீழே விழுகிறது. வழி திறக்கிறது. ஆகவே ஆறிய பிறகு ஓடுகிறது என்பதை மட்டும் வைத்துக் கொயிலை மாற்றுவது காசைக் கடலில் போடுவதுதான்.

மண்ணெண்ணெயில் படித்த பாடம்

இந்தப் பொறுமையை அவர் எங்கே படித்தார் என்று எங்கள் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. 1990 இல் போர் மீண்டும் மூண்ட பின் வந்த பொருளாதாரத் தடையில் பெற்றோல் கண்ணில் காணாத பொருளானது. ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்களைக் கொஞ்சம் பெற்றோலில் இயக்கிச் சூடாக்கி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடினார்கள். அழுத்த விகிதம் குறைந்த பழைய இயந்திரங்கள் அதைத் தாங்கின. ஆனால் மண்ணெண்ணெய் குளிர்ந்த இயந்திரத்தில் சரியாக ஆவியாகாது. எரியாத மிச்சம் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணீராக்கும். பிளக் கரி பிடிக்கும். உதிரிப் பாகமும் கிடைக்காது. மாற்றிப் பார்க்கச் சாமான் இல்லாத இடத்தில், கழற்றுவதற்கு முன் யோசிக்கத்தான் வேண்டும்.

ஒன்றன்பின் ஒன்றாகச் சோதித்தல்

அவர் செய்த ஒழுங்கு இது.

முதலில் பெற்றோல் தாங்கியின் மூடியைத் திறந்தார். உஸ் என்று காற்று உள்ளே இழுபட்டால் மூடியின் காற்றுத் துளை அடைபட்டிருக்கிறது என்று பொருள். எங்கள் காரில் சத்தம் இல்லை.

அடுத்தது தீப்பொறி. நல்ல பிளக் ஒன்றை வயரில் மாட்டி, அதன் உடலை இயந்திர இரும்பில் படவைத்து ஸ்ராட்டரை அடித்தார். நீல நிறத்தில் சடசடவென்று பொறி விழுந்தது. மஞ்சளாக, மெலிந்து விழுந்திருந்தால் அந்தப் பக்கம் தேடியிருப்பார். கடற்காற்றில் எர்த் வயரின் முனையும் டிஸ்ரிபியூற்றர் மூடியின் உட்புறமும் பச்சை பூத்துப் போவதுண்டு. அவற்றைச் சுரண்டித் துடைப்பதற்குச் செலவே இல்லை.

பிறகு, இயந்திரத்தில் இருந்த பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தார். நுனி வெளிறி வெள்ளையாக இருந்தது. இளம் மண்ணிறம் என்றால் சுகம். கறுப்பென்றால் பெற்றோல் கூட. வெள்ளையென்றால் பெற்றோல் போதவில்லை.

கடைசியாக எரிபொருள் ஓட்டம். இயந்திரம் நன்றாக ஆறிய பிறகு, பொறி விழாதபடி கொயிலின் மெல்லிய வயரைக் கழற்றிவிட்டு, காபரேற்றருக்குப் போகும் குழாயை ஒரு போத்தலுக்குள் விட்டு ஸ்ராட்டரை அடித்தார். பெற்றோல் துடித்துத் துடித்து வர வேண்டும். முதலில் வந்தது, பிறகு நூலாக மெலிந்தது. இந்தச் சோதனையையும் தீப்பொறிச் சோதனையையும் ஒருபோதும் ஒன்றாகச் செய்யக் கூடாது. பக்கத்தில் பீடி, சிகரெட் எதுவும் இருக்கக் கூடாது.

பம்பின் உள்வழிக் குழாயைக் கழற்றி, சைக்கிள் பம்பால் தாங்கிப் பக்கம் காற்றடித்தார். முதலில் அடைத்தது. பிறகு தாங்கிக்குள் கொப்பளிக்கும் சத்தம் கேட்டது. அன்று தலைமன்னார் வரை போய்த் திரும்பினேன். ஒரு உதறலும் இல்லை.

“இது வைத்தியம் இல்லைத் தம்பி, சோதினை. ரெண்டு நாளிலை திரும்ப வரும்,” என்றார். வந்தது.

தாங்கிக்குள் இருந்த 2022

தாங்கியை இறக்கிப் பெற்றோலை வடித்து, உள்ளே சிறு சங்கிலியும் மண்ணெண்ணெயும் போட்டு உருட்டினார். துருச் செதில்கள் தேத்தண்ணி நிறத்தில் வந்தன. உறிஞ்சு குழாயின் வாயை அதே துரு மூடியிருந்தது.

அது எப்போது தொடங்கியது என்று எனக்குத் தெரியும். 2022 ஜூன் கடைசியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும் எரிபொருள் என்று அறிவித்தார்கள். பிறகு கியூ.ஆர். முறை வந்தது. காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். எங்கள் கார் மாதக்கணக்கில், அடியில் கொஞ்சம் பெற்றோலுடன் முற்றத்தில் நின்றது. வெறுமையான தாங்கிக்குள் ஈரக்காற்று படிந்தால் இரும்பு துருப்பிடிக்கும். நாள்பட்ட பெற்றோல் பிசினாகிக் காபரேற்றரின் நுண்துளைகளை அடைக்கும். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அதனால் இந்தப் பழைய கார்களையே நாம் இழுத்துப் பிடித்து ஓடுகிறோம். அதே நோய் வேறு முற்றங்களிலும் இருக்கும்.

தாங்கியைக் கழுவி, முழுதாகக் காயவைத்துப் பூட்டி, புதிய பில்டர் போட்டார். பில்டரை ஒரு மாதத்தில் மறுபடி மாற்றச் சொன்னார். மிச்சத் துரு அதில்தான் வந்து சேரும். ஓட்டை விழுந்த தாங்கி என்றால் வீட்டில் ஒட்டுவேலை செய்ய வேண்டாம். வெறும் தாங்கியில் நிற்கும் ஆவியே வெடிக்கும்.

இப்போது காரில் ஒரு பை இருக்கிறது. ஒரு பில்டர், ஒரு பிளக், பிளக் சாவி, ஒரு முழம் பெற்றோல் குழாய், கிளிப், ரோச் லைற். தாங்கியை அரைவாசிக்குக் கீழே இறங்க விடுவதில்லை. அம்மாவின் அடுத்த தவணைக்கு விடிய நாலு மணிக்குப் புறப்பட்டோம். சங்குப்பிட்டிப் பாலத்தில் ஏறும்போது அவர் நித்திரையாகியிருந்தார்.