மருந்தின் சோதனை

நோய் வந்தவிடத்து மருந்து உண்பது மக்கள் வழக்கம். உண்ட மருந்தினால் நோய் தீர்ந்தது என்று கூறுவதும் வழக்கமே. ஆனால், நோயைத் தீர்த்தது அம்மருந்துதானா, அன்றி உடலின் இயற்கை வலிமையா, ஓய்வா, உணவா என்பதை எவ்வாறு அறிவது? நோயைத் தீர்க்கும் மருந்து வேறொரு தீங்கை விளைக்காது என்பதற்கு உறுதி யாது? ஒருவர்க்கு நலம் தந்த மருந்து மற்றொருவர்க்கும் அதே நலத்தைத் தருமா? இம்மூன்று வினாக்களுக்கும் விடை காண முயல்வதே மருந்து ஆராய்ச்சியாகும். காசநோய் மருந்துகளின் வரலாறு இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அவ்வரலாற்றின் ஒரு பெரும் பகுதி சென்னை மாநகரில் நிகழ்ந்தது என்பது தமிழ் மாணவர் அறிந்து மகிழத்தக்க செய்தி.

காசநோயும் அதன் கிருமியும்

காசநோய் மிகத் தொன்மையானது. எலும்புருக்கி நோய், சயரோகம் என்னும் பெயர்களும் அதற்கு உண்டு. கண்ணுக்குப் புலனாகாத ஒரு கிருமியே இந்நோயை விளைக்கிறது என்பதை ராபர்ட் காக் என்னும் செருமானிய அறிஞர் 1882ஆம் ஆண்டு மார்ச்சு 24ஆம் நாள் பெர்லின் நகரில் அறிவித்தார். பகைவன் இன்னான் என்பது தெரிந்துவிட்டது. ஆயினும், அவனை வெல்லும் படைக்கலம் அடுத்த அறுபது ஆண்டுகள் கிடைக்கவில்லை. நோயாளரைத் தனி மருத்துவ நிலையங்களில் சேர்த்து, தூய காற்றும் சத்துள்ள உணவும் நீண்ட ஓய்வும் அளிப்பதே அக்காலத்து மருத்துவமாக இருந்தது. சிலர் பிழைத்தனர், பலர் மாண்டனர்.

1943ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் வாக்ஸ்மன் என்னும் பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில் ஆல்பர்ட் ஷாட்ஸ் என்னும் இளைஞர், மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார். அது காசநோய்க் கிருமியைத் தடுத்தது. கண்ணாடிக் குழாயில் கிருமியை வென்ற மருந்து மனித உடலிலும் வெல்லுமா? இதுவே அடுத்து எழுந்த வினா.

பயனை அளந்த முறை

இரண்டாம் உலகப் போர் முடிந்த காலம் அது. பிரிட்டனுக்குக் கிடைத்த ஸ்ட்ரெப்டோமைசின் மிகக் குறைவு. நோயாளரோ மிகப் பலர். எல்லார்க்கும் கொடுக்க மருந்து இல்லாத நிலையில், யார்க்குக் கொடுப்பது? மருத்துவர் தாம் விரும்பியவர்க்கே கொடுத்தால், நன்கு தேறக்கூடியவர்களே தெரிந்தெடுக்கப்படலாம். அவ்வாறாயின், அவர்கள் தேறியது மருந்தினாலா, முன்பே இருந்த வலிமையினாலா என்பது விளங்காது. பிராட்போர்டு ஹில் என்னும் புள்ளியியல் அறிஞர் இதற்கு நேர்மையான வழி ஒன்றை வகுத்தார். ஒவ்வொரு நோயாளரும் எப்பிரிவைச் சேர்வர் என்பதை யாருடைய விருப்பத்திற்கும் விடாமல், குலுக்கல் போன்ற எண் முறையால் முன்னரே குறித்து, ஒட்டிய உறைகளில் வைத்தனர். நோயாளரைச் சேர்த்துக்கொண்ட பின்னரே உறை பிரிக்கப்பட்டது.

இச்சோதனையில் 107 நோயாளர் சேர்ந்தனர். 55 பேர் ஸ்ட்ரெப்டோமைசினும் படுக்கை ஓய்வும் பெற்றனர்; 52 பேர் படுக்கை ஓய்வு மட்டுமே பெற்றனர். ஆறு திங்கள் கழிந்தபோது, மருந்து பெற்றவருள் 4 பேரும், பெறாதவருள் 14 பேரும் இறந்திருந்தனர். எக்ஸ்ரே படங்களைப் பார்த்து முடிவு கூறிய மருத்துவர்களுக்கு, எப்படம் எப்பிரிவினருடையது என்பது தெரிவிக்கப்படவில்லை. விருப்பு வெறுப்பு முடிவிற் கலத்தலாகாது என்பதே அதன் நோக்கம். 1948ஆம் ஆண்டில் இம்முடிவுகள் வெளியாயின. மருந்து பயன் தருவது ஐயமற விளங்கிற்று.

ஓய்வு மட்டும் பெற்ற 52 பேருக்கு மருந்தை மறுத்தது முறையா என்று கேட்கலாம். நாட்டில் இருந்த மருந்து எல்லார்க்கும் போதாது. அதன் பயனும் அன்று உறுதிப்படவில்லை. ஆதலின், கிடைத்த சிறிதளவு மருந்தைக் கொண்டு ஐயந்திரிபற்ற விடை காண்பதே பின்வரும் நோயாளர் அனைவர்க்கும் செய்யும் நன்மை என அறிஞர்கள் கருதினர்.

அச்சோதனை வேறோர் உண்மையையும் காட்டிற்று. முதலில் தேறிய நோயாளருள் பலர் பின்னர் மீண்டும் நலிந்தனர். காரணம், அவர்கள் உடலிலிருந்த கிருமிகள் மருந்துக்கு அடங்காத தன்மையைப் பெற்றுவிட்டன. ஒரே மருந்தைத் தனியே கொடுத்தால், அதற்கு அடங்காத சில கிருமிகள் தப்பிப் பெருகும். வேறுவேறு வகையில் தாக்கும் இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால், ஒன்றுக்குத் தப்பியது மற்றொன்றால் மடியும். காசநோய்க்கு இன்றும் பல மருந்துகளைச் சேர்த்தே கொடுப்பதன் காரணம் இதுவே.

தீங்கினை அறிதல்

பயன் உண்டு என்று தெரிந்தால் மட்டும் போதாது. ஸ்ட்ரெப்டோமைசின் காசநோய்க் கிருமியைத் தாக்குவதோடு, செவியின் உட்பகுதியையும் தாக்கக்கூடும். சிலர்க்குத் தலைச்சுற்றலும் செவிட்டுத்தன்மையும் உண்டாயின. நன்மையும் தீமையும் ஒரே மருந்தில் கலந்திருத்தல் அரிதன்று. ஆகவே, இரண்டனையும் நிறுத்துப் பார்த்தல் வேண்டும்.

அங்ஙனம் பாராமையால் விளைந்த கேடுகள் இரண்டு உலகையே உலுக்கின. 1937ஆம் ஆண்டில் அமெரிக்காவில் சல்பனிலமைடு என்னும் நல்ல மருந்தை, குழந்தைகளும் எளிதில் பருகுமாறு நீர்ம வடிவில் செய்து விற்றனர். அதனைக் கரைக்கப் பயன்பட்ட டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நீர்மம் சிறுநீரகத்தைக் கெடுக்கும் நஞ்சு. விற்பனைக்கு முன் அக்கலவையை எந்த விலங்கிற்கும் கொடுத்துச் சோதிக்கவில்லை. சோதிக்க வேண்டும் என்னும் சட்டமும் அன்று இல்லை. நூற்றுக்கு மேற்பட்டோர் உயிர் துறந்தனர். அவர்களுள் பலர் குழந்தைகள். அதன் பின்னரே, 1938ஆம் ஆண்டில், மருந்து தீங்கற்றது என்பதை விற்பனைக்கு முன் காட்டவேண்டும் என்ற சட்டம் அந்நாட்டில் பிறந்தது.

மற்றொன்று தாலிடோமைடு என்பதாகும். 1957ஆம் ஆண்டில் மேற்கு செருமனியில் உறக்க மருந்தாக விற்பனைக்கு வந்த இதனைக் கருவுற்ற பெண்கள் பலரும் உட்கொண்டனர். தாய்க்கு எத்தீங்கும் தோன்றவில்லை. ஆனால், கருவிலிருந்த குழந்தையின் கைகால்கள் வளராது குறைந்தன. பல நாடுகளில் பதினாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் உறுப்புக் குறையுடன் பிறந்தனர். 1961ஆம் ஆண்டு நவம்பரில் செருமனியில் அம்மருந்து திரும்பப் பெறப்பட்டது. அமெரிக்காவிலோ, அரசின் மருந்துத் துறையில் பணிபுரிந்த பிரான்செசு கெல்சி என்னும் அம்மையார், காட்டிய சான்றுகள் போதா எனக் கூறி, மீண்டும் மீண்டும் வற்புறுத்தப்பட்டும் விற்பனைக்கு இசைவு தர மறுத்தார். அவருடைய உறுதியால் அந்நாட்டுக் குழந்தைகள் மிகப் பலர் காக்கப்பட்டனர். அதே தாலிடோமைடு இன்று தொழுநோயால் நேரும் ஒருவகைக் கடும் அழற்சிக்கும், எலும்பு மச்சையில் தோன்றும் ஒருவகைப் புற்றுநோய்க்கும் கடுங்காப்புடன் கொடுக்கப்படுகிறது. யார்க்கு, எப்பொழுது, எவ்வளவு என்பன தெரியாமல் மருந்தினை நல்லது என்றோ தீயது என்றோ சொல்லலாகாது என்பதற்கு இது சான்று.

உடலில் மருந்து படும் பாடு

மூன்றாம் வினாவுக்கு விடை தருவது ஐசோனியசிடு என்னும் மருந்து. 1912ஆம் ஆண்டிலேயே பிராக் நகரில் இப்பொருளைச் செய்திருந்தனர். எனினும், காசநோயை அடக்கும் அதன் ஆற்றல் 1952ஆம் ஆண்டில்தான் உலகுக்குத் தெரிந்தது. நாற்பது ஆண்டுகள் அருமருந்து ஒன்று அறியப்படாமலே கிடந்தது! விலை மிகக் குறைவு, ஊசி வேண்டியதில்லை, மாத்திரையாக விழுங்கலாம். ஏழை நாடுகளுக்கு இதனினும் உகந்தது வேறில்லை எனத் தோன்றிற்று.

விழுங்கிய மாத்திரை குடலில் கரைந்து இரத்தத்தில் கலக்கிறது. கல்லீரலை அடைந்து, அங்கிருந்து உடலெங்கும் பரவுகிறது. உடல் அதனை நெடுநேரம் வைத்திருப்பதில்லை. கல்லீரலில் உள்ள நொதி ஒன்று அதனை வேறு பொருளாக மாற்றுகிறது. அவ்வாறு மாறிய பொருள் கிருமியைத் தாக்கும் ஆற்றலை இழந்து, சிறுநீர் வழியே வெளியேறுகிறது. குடலிற் புகுதல், உடலிற் பரவுதல், கல்லீரலில் மாறுதல், சிறுநீரிற் கழிதல் ஆகிய நான்கும் பெரும்பாலான மருந்துகளுக்குப் பொதுவான பயணம்.

வியப்பு என்னவெனில், இம்மாற்றம் எல்லாருடைய உடலிலும் ஒரே விரைவில் நடைபெறுவதில்லை. சிலர் உடல் ஐசோனியசிடை விரைவில் மாற்றும். சிலர் உடல் மெல்ல மாற்றும். இரத்தத்தில் உள்ள மருந்து பாதியாகக் குறைவதற்கு விரைவினத்தார்க்கு ஒன்றரை மணி நேரமும், மெல்லினத்தார்க்கு மூன்று மணி நேரமும் ஆவதாகக் கொள்ளலாம். ஆறு மணி நேரத்திற்குப் பின், முன்னவர் உடலில் மருந்து நான்கு முறை பாதியாகிப் பதினாறில் ஒரு பங்கே எஞ்சும். பின்னவர் உடலில் இரண்டு முறை பாதியாகி, நான்கில் ஒரு பங்கு எஞ்சும். இருவரும் உண்டது ஒரே அளவு. ஆயினும், ஒருவர் இரத்தத்தில் மற்றவரினும் நான்கு மடங்கு மருந்து நிற்கிறது. இவ்வேறுபாடு பெற்றோரிடமிருந்து வழிவழியாக வருவது. தாய் தந்தை இருவரிடமிருந்தும் மெல்ல மாற்றும் இயல்பைப் பெற்றவரே மெல்லினத்தார் ஆவர்.

சென்னையில் நிகழ்ந்த ஆராய்ச்சி

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் கூடி 1956ஆம் ஆண்டில் சென்னையில் காசநோய் மருத்துவ ஆராய்ச்சி நிலையம் ஒன்றை நிறுவின. தொடக்க ஆண்டுகளில் வாலசு பாக்சு என்னும் ஆங்கில மருத்துவர் அதன் பணியை நடத்தினார். அந்நாளில் இந்தியாவில் காசநோயாளர் பெருந்தொகையினர். அவர்களுக்குரிய படுக்கைகளோ மிகச் சில. மருத்துவ நிலையத்தில் இடம் கிடைக்காத ஏழை, தன் குடிசையிலேயே மருந்துண்டு பிழைக்க முடியுமா? முடியாதெனில், இலட்சக்கணக்கானோர்க்கு வழியே இல்லை.

193 நோயாளரைக் குலுக்கல் முறையால் இரு பிரிவாக்கினர். இரு பிரிவினர்க்கும் ஐசோனியசிடும் 'பாஸ்' என்னும் மருந்தும் ஓராண்டு கொடுக்கப்பட்டன. ஒரு பிரிவினர் மருத்துவ நிலையத்தில் நல்லுணவும் ஓய்வும் பெற்றனர். மற்றவர் நெருக்கமான வீடுகளில், குறைந்த உணவோடும் அன்றாட உழைப்போடும் வாழ்ந்தனர். வீட்டிலிருந்தோர் மருந்தைத் தவறாது உண்கின்றனரா என்பதை, முன்னறிவிப்பின்றி வீடு தேடிச் சென்றும் சிறுநீரைச் சோதித்தும் அறிந்தனர். ஆண்டு முடிவில், மருத்துவ நிலையத்தில் நூற்றுக்கு 92 பேரும், வீட்டில் நூற்றுக்கு 86 பேரும் நோய் அடங்கப் பெற்றனர். வீட்டிலிருந்து மருந்துண்ட நோயாளரால் குடும்பத்தினர்க்கு மிகுதியான தீங்கு விளையவில்லை என்பதும் பின்னர்த் தெளிவாயிற்று. 1959ஆம் ஆண்டில் வெளியான இம்முடிவு உலகெங்கும் காசநோய் மருத்துவத்தின் போக்கையே மாற்றிற்று.

மருந்து உடலில் மாறும் விரைவையும் அந்நிலையத்தார் ஆராய்ந்தனர். ஐசோனியசிடை மிகுந்த அளவில் உண்ட சிலர்க்குக் கைகால்களில் எரிச்சலும் மதமதப்பும் தோன்றின. அவர்களுள் பெரும்பாலோர் மெல்லினத்தார். அவர்கள் உடலில் நெடுநேரம் தங்கிய மருந்து, நரம்புக்கு வேண்டிய 'பி6' வைட்டமினைக் குறைத்துவிட்டது. அவ்வைட்டமினைச் சிறிதளவு சேர்த்துக் கொடுத்தபோது அந்நோய் தடுக்கப்பட்டது. மற்றொரு பக்கம், வாரம் ஒரு முறை மட்டும் மருந்து கொடுத்த சோதனையில் விரைவினத்தார்க்குக் கிடைத்த பயன் குறைந்தது. மருந்து அவர்கள் உடலைவிட்டு விரைந்து நீங்கியதே காரணம். நாள்தோறும் உண்ணும் முறையில் இக்குறை பெரிதாகத் தோன்றுவதில்லை. எனவே, மருந்தின் அளவை மட்டுமன்றி, அதனை உண்ணும் இடைவெளியையும் ஆராய்ந்தே வகுக்க வேண்டும் என்பது உறுதியாயிற்று. இந்நிலையம் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்னும் பெயரோடு சேத்துப்பட்டில் பணியாற்றி வருகிறது.

இன்றைய நெறி

புதிய மருந்து ஒவ்வொன்றும் இன்று பல படிகளைக் கடந்தே மக்களை அடைகிறது. முதலில் ஆய்வுக்கூடத்திலும் விலங்குகளிடத்தும் சோதனை நிகழும். அடுத்து, மனிதர் சிலர்க்கு மட்டும் கொடுத்து, அது உடலில் எவ்வாறு மாறுகிறது, எவ்வளவு வரை தீங்கற்றது என்பவற்றைக் காண்பர். பின்னர் நோயாளர் சிலரிடமும், அதன் பின்னர்ப் பலரிடமும் பயனை அளப்பர். பங்கு கொள்வோர்க்கு நன்மை தீமைகளை விளக்கி, அவர்தம் இசைவைப் பெற்ற பின்னரே சோதனை தொடங்கும். விற்பனைக்கு வந்த பின்னும் கண்காணிப்பு ஓய்வதில்லை. ஆயிரவரிடம் தோன்றாத தீங்கு இலட்சம் பேர் உண்ணும்போது தோன்றக்கூடும்.

முடிவுரை

நோயுற்றவனின் இயல்பு, நோயின் கடுமை, காலம் ஆகிய மூன்றையும் எண்ணியே மருத்துவன் செயல்பட வேண்டும் என்பது வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் கூறிய கருத்து. ஒரே மாத்திரை இருவர் உடலில் இருவேறு வகையாய் நடப்பதைக் கண்ட அறிவியல், அக்கருத்தின் அருமையை விளக்கிற்று. ஒருவர்க்கு மருத்துவர் எழுதிய மருந்தை மற்றொருவர் வாங்கி உண்பது அறியாமை. இருமல் நின்றது, உடல் தேறியது என்று எண்ணிக் காசநோய் மருந்தை இடையில் நிறுத்துவது அதனினும் பெரிய கேடு. எஞ்சிய கிருமிகள் மருந்துக்கு அடங்காதனவாய்ப் பெருகி, உண்டவரையும் அவரைச் சூழ்ந்தோரையும் தாக்கும். மருந்துக்கு அடங்கும் காசநோய் இன்று பெரும்பாலும் ஆறு திங்களில் குணமாகிறது. அவ்வாறு திங்களும் தவறாது மருந்துண்பவர், தம் உயிரோடு தம் குடும்பத்தாரின் உயிரையும் காத்துக் கொள்கின்றனர்.