மடை அகலம் வேறு, வாய்க்கால் நீளம் வேறு

தலைமடையைத் திறந்தவுடன் கடைமடை வயலில் நீர் பாய்ந்துவிடுவதில்லை. முதல் நீர் வந்து சேரப் பிடிக்கும் நேரம் ஒன்று. வந்தபின் நிமிடத்துக்கு எவ்வளவு பாய்கிறது என்பது வேறொன்று. கணிப்பொறிகளை இணைக்கும் தடங்களிலும் அப்படித்தான். முன்னதைத் தாமதம் என்றும் பின்னதைக் கொள்திறன் என்றும் கூறுவர். இணைப்பு விற்பவர்கள் பெரும்பாலும் கொள்திறனைத்தான் ‘வேகம்’ என்று விளம்பரம் செய்கிறார்கள். தாமதத்தைப் பற்றி மூச்சு விடுவதில்லை!

அந்தமான் தீவுகளை எடுத்துக்கொள்வோம். அங்கே நெடுங்காலம் செயற்கைக்கோளை நம்பியே செய்தித் தொடர்பு நடந்து வந்தது. 2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையையும் போர்ட் பிளேரையும் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) இணைக்கும் கடலடி ஒளியிழை வடம் தொடங்கி வைக்கப்பட்டது.

புவிநிலைச் செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. செய்தி ஏறி இறங்க 72,000 கிலோமீட்டர். மின்காந்த அலை வினாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் செல்வதால், இதற்கு 0.24 வினாடி ஆகும். பதிலும் வந்து சேர 0.48 வினாடி. கடலடி வடத்தின் நீளத்தைக் கணக்குக்காக 1,500 கிலோமீட்டர் என்று கொள்வோம். கண்ணாடியின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.5. ஆகவே ஒளி அதில் வினாடிக்கு 2 லட்சம் கிலோமீட்டர்தான் செல்லும். போய் வர 0.015 வினாடி.

இது பயண நேரம். செய்தியைத் தடத்தில் ஏற்றவும் நேரம் ஆகும். 1,500 பைட் கொண்ட ஒரு பொட்டலத்தில் 12,000 பிட்கள் உள்ளன. வினாடிக்கு 10 லட்சம் பிட் ஏற்கும் தடத்தில் அதை ஏற்ற 0.012 வினாடி, நூறு மடங்கு பெரிய தடத்தில் அதில் நூறில் ஒரு பங்கு. கொள்திறனைக் கூட்டினால் இந்த ஏற்றும் நேரம் குறையும். பயண நேரம் இம்மியும் குறையாது.

இனித்தான் வேடிக்கை. அனுப்பும் கணிப்பொறி, செய்தி கிடைத்தது என்ற ஒப்புகை வராமல் ஓர் அளவுக்கு மேல் அனுப்பாது. 1981 இல் வகுக்கப்பட்ட விதிப்படி அந்த அளவை 16 பிட் எண்ணால் குறித்தார்கள். எனவே உச்சவரம்பு 65,535 பைட், அதாவது சுமார் 5.24 லட்சம் பிட். செயற்கைக்கோள் வழியே 0.48 வினாடிக்கு ஒருமுறை இவ்வளவுதான் போகும். வகுத்துப் பாருங்கள்: வினாடிக்குச் சுமார் 11 லட்சம் பிட். ஒரு கோடி பிட் கொள்திறனுக்குப் பணம் கட்டியிருந்தாலும், ஒரு கோப்பை அனுப்பும்போது ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு வெறுமனே கிடக்கும். பத்துக் கோடியாக உயர்த்தினாலும் அதே 11 லட்சம்தான்! வடத்திலோ இதே வரம்புடன் சுமார் 3.5 கோடி பிட் செல்லும்.

தடம் நிரம்ப எவ்வளவு வழியில் இருக்க வேண்டும்? கொள்திறனைப் போய்வரும் நேரத்தால் பெருக்குங்கள். 1 கோடி × 0.48 = 48 லட்சம் பிட், அதாவது 6 லட்சம் பைட். இதற்காகவே 1992 இல் விதியைத் திருத்தி, வரம்பு சுமார் 107 கோடி பைட் வரை உயர வழி செய்தார்கள்.

கோப்புகளுக்கு இது போதும். உரையாடலுக்குப் போதாது. தீவிலுள்ள நோயாளி சென்னை மருத்துவரிடம் தொலைபேசியில் பேசும்போது, செயற்கைக்கோள் வழியே ஒவ்வொரு பதிலுக்கும் முன் அரை வினாடி மௌனம் விழும். இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, ஒரே நேரத்தில் நிறுத்துவார்கள். எந்த விதித் திருத்தமும் அதைப் போக்காது. பாதையின் நீளத்தைத்தான் குறைக்க வேண்டும்.